நவம்பர் நாவலும் கிண்டிலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அக்டோபர் பிறந்தால் போதும், தெரிந்தவர்கள் யாராவது கேட்டுவிடுவார்கள்: "முப்பது நாளில் நாவல் எழுதலாம் என்று இருக்கிறேன். ஒரு கிண்டில் வாங்கினால் உதவுமா?" கிண்டில் என்றால் மின்னூல் படிக்கும் கருவி. நான் நான்கு முறை முயன்று இரண்டு முறை முடித்தவன். ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால், வழக்கமாக வரும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

முப்பது நாள் நாவல் என்றால் என்ன? யார் ஆரம்பித்தது?

1999 ஜூலையில், சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் கிறிஸ் பேட்டி என்பவர் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, மொத்தம் 21 பேராகத் தொடங்கினார். ஒரு மாதத்தில் 50,000 சொல் எழுத வேண்டும், அவ்வளவுதான் விதி. அடுத்த வருஷம் அதை நவம்பருக்கு மாற்றினார்கள். வானிலை மோசமாக இருக்கும், வீட்டுக்குள் உட்கார்ந்து எழுத வசதி என்பது காரணம். அந்த முறை 140 பேர் சேர்ந்தார்கள். பிறகு உலகம் முழுக்கப் பரவியது. நேஷனல் நாவல் ரைட்டிங் மந்த் என்ற நீளமான பெயரைச் சுருக்கி நானோரைமோ என்பார்கள்.

நடுவர் கிடையாது, பரிசுத்தொகை கிடையாது. எழுதியது நன்றாக இருக்கிறதா என்றும் யாரும் பார்ப்பதில்லை. எண்ணிக்கையைத் தொட்டால் வெற்றி. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் நமக்கு இது அவ்வளவு புதிதும் இல்லை. பேருந்து நிலையக் கடைகளில் மாத நாவல்கள் கயிற்றில் தொங்கிய காலத்தில், மாதம் ஒரு நாவல் என்று எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் நம்மிடம் இருந்தார்கள். அவர்களுக்கு அது தொழில், நமக்கு சவால். வித்தியாசம் அதுதான்.

நானோரைமோவை நடத்திய அமைப்பையே மூடிவிட்டார்களாமே?

ஆமாம். 2025 மார்ச் 31 அன்று அறிவித்தார்கள். பணப் பிரச்சினைதான் முக்கியக் காரணம். அதற்கு முன்பே 2023இல் அவர்களுடைய விவாதக் களத்தைக் கண்காணித்த விதம் குறித்தும், 2024இல் செயற்கை நுண்ணறிவு பற்றி அவர்கள் சொன்ன கருத்து குறித்தும் பெரிய சர்ச்சைகள் வந்து, பலர் விலகிப் போயிருந்தார்கள்.

உங்கள் நாவலுக்கு இதனால் ஒன்றும் குறையப்போவதில்லை. நவம்பருக்கு முப்பது நாள் இன்னும் இருக்கிறது. சுவரில் ஒரு தினசரிக் காலண்டர் இருந்தால், கிழிக்கும் தாளின் பின்பக்கத்தில் அன்றைய எண்ணிக்கையை எழுதிவையுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

நவம்பரில்தான் எழுத வேண்டுமா? தீபாவளி, மழை, புயல் எல்லாம் அப்போதுதானே?

நியாயமான கேள்வி. 2026இல் தீபாவளியே நவம்பர் 8. இரண்டாம் வாரத்துக்குள் நுழையும்போதே வீடு முழுக்க ஆட்கள் இருப்பார்கள். 2018இல் கஜா, 2020இல் நிவர், 2024இல் ஃபெஞ்சல் என்று புயல்களும் நவம்பரில்தான் கரையைத் தொட்டன.

என்னைக் கேட்டால் ஆடி நல்ல மாதம். கல்யாணம் இல்லை, கிரகப்பிரவேசம் இல்லை, யாரும் பத்திரிகையோடு வந்து நிற்கமாட்டார்கள். பெரும்பாலும் 31 நாள் வருவதால் ஒரு நாள் உபரி. அந்த முதல் 21 பேரும் எழுதியது ஜூலையில்தான் என்பதால் மரபுக்கும் பங்கமில்லை. ஒரே ஒரு தொல்லை, அம்மன் கோயில் ஒலிபெருக்கி. உங்கள் தெருவில் கோயில் இருந்தால் நவம்பரே தேவலை.

தமிழிலும் 50,000 சொல் எழுத வேண்டுமா?

வேண்டாம். இதை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளாமல் போனதால்தான் நான் முதல் முறை தோற்றேன்.

"உங்கள் வீட்டுக்கு என்னால் வர முடியாது." இது ஐந்து சொல். இதையே ஆங்கிலத்தில் சொன்னால் ஆறு சொல்லாவது ஆகும். "வரமுடியாது" என்று சேர்த்து எழுதுகிறவருக்கு நான்குதான். "போய்க்கொண்டிருந்தவனை" என்பது நமக்கு ஒரே சொல், அவர்களுக்கு நான்கைந்து. வேற்றுமை உருபு, துணைவினை, இடைச்சொல் எல்லாவற்றையும் சொல்லோடு ஒட்டவைத்துக்கொள்ளும் மொழியில் 50,000 என்பது ஆங்கில 50,000ஐவிட மிகப் பெரிய நாவல்.

நான் வைத்திருக்கும் கணக்கு 30,000. நாளுக்கு ஆயிரம். டெம்மி அளவுப் புத்தகத்தில் பக்கத்துக்கு 200 சொல் என்று வைத்தால் 150 பக்கம் வரும், கௌரவமான நாவல்தான். இது என் கணக்கு, யாரும் விதித்ததில்லை. ஆங்கிலத்தில் எழுதுகிறவர் 50,000ஐயே வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 1,667 ஆகும்.

ஒரு எச்சரிக்கை. மாதக் கடைசியில் எண்ணிக்கை குறையும்போது "எழுதிக்கொண்டிருந்தான்" என்பதை "எழுதிக் கொண்டு இருந்தான்" என்று பிரித்துப்போடத் தோன்றும். 27ஆம் நாள் நான் அதைச் செய்தேன். பிறகு அத்தனையையும் சேர்த்துவைக்க ஒரு வாரம் ஆனது. அப்புறம், எழுத்து எண்ணிக்கையை நம்பாதீர்கள். "தமிழ்" என்பதில் நமக்கு மூன்று எழுத்து, கணினிகள் பயன்படுத்தும் யூனிகோடு குறியீட்டின் கணக்கில் ஐந்து. இகரக் குறியையும் புள்ளியையும் அது தனியாக எண்ணும்.

சரி, கிண்டில் வாங்கினால் எழுத உதவுமா?

எழுத உதவாது. எழுதுவதற்கு முன்னும் பின்னும் உதவும்.

கிண்டில் என்று நாம் பொதுவாகச் சொல்வது எல்லா மின்னூல் வாசிப்புக் கருவிகளையும்தான். இவற்றில் பெரும்பாலானவற்றின் பெரிய குணம், படிப்பதைத் தவிர வேறெதற்கும் லாயக்கில்லை என்பது. செய்தி வராது, வீடியோ ஓடாது, கிரிக்கெட் ஸ்கோர் பார்க்க முடியாது. எழுதுகிறவருக்கு அதுதான் வேண்டும். எழுத ஒரு கருவி, படிக்க வேறொரு கருவி என்று பிரித்துவிட்டால், எழுதும் கருவியில் படிக்கிறேன் பேர்வழி என்று நேரம் போவது நிற்கும். என்னிடம் இரண்டும் ஒரே மடிக்கணினியாக இருந்தபோது, "பாத்திரத்துக்குப் பெயர் தேடுகிறேன்" என்று போய் இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பிய நாட்கள் உண்டு.

வாங்கினால்தான் எழுத முடியும் என்று நினைத்து வாங்காதீர்கள். அது நோட்டு, பேனா, மேசை எல்லாம் வாங்கிவிட்டு எழுதாமல் இருப்பதன் புதிய பதிப்பு.

அதிலேயே விசைப்பலகை இணைத்து எழுத முடியாதா?

ஆண்ட்ராய்டில் இயங்கும் மின்மை (ஈ-இங்க்) திரைக் கருவிகள் இருக்கின்றன. ஓனிக்ஸ் பூக்ஸ் அந்த வகை. அவற்றில் புளூடூத் விசைப்பலகை இணைத்து, தமிழ் உள்ளீட்டுச் செயலி போட்டு எழுதலாம். ஆனால் நாம் அடிப்பதற்கும் எழுத்து திரையில் வருவதற்கும் இடையில் ஒரு சின்னத் தாமதம் இருக்கும். தமிழில் ஒரு எழுத்துக்கே இரண்டு மூன்று தட்டு தட்டுகிறோம், அதனால் அந்தத் தாமதம் கூடுதலாக உறுத்தும். கையால் குறிப்பு எழுதப் பிடிக்கும் என்றால், 2022இல் வந்த கிண்டில் ஸ்கிரைப் போலப் பேனாவோடு வரும் பெரிய திரைக் கருவிகள் நன்றாக இருக்கும். என் ஆலோசனை கேட்டால், பத்து ரூபாய்க்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

போனிலேயே படிக்கலாமே?

படிக்கலாம். கண் வலிக்காவிட்டால் சரி.

மின்மைத் திரை வேலை செய்யும் விதம் வேறு. உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழிகள், அவற்றுக்குள் வெள்ளையும் கறுப்புமாக மின்னூட்டம் ஏற்றிய துகள்கள். மின்புலத்தை மாற்றினால் வெள்ளை மேலே வரும், இல்லையென்றால் கறுப்பு மேலே வரும். ஒருமுறை வந்துவிட்டால் மின்சாரமே இல்லாமல் அப்படியே நிற்கும். பக்கம் திருப்பும்போதுதான் எழுத்தைக் காட்ட மின்சாரம் செலவாகிறது, அதனால்தான் ஒரு முறை சார்ஜ் செய்தால் வாரக்கணக்கில் வருகிறது. வெளிச்சமும் பின்னாலிருந்து கண்ணுக்குள் அடிப்பதில்லை. ஓரத்து விளக்குகள் திரையின் மேல் பரவுகின்றன. வெயிலில் மொட்டைமாடியில் உட்கார்ந்தும் படிக்கலாம். புயலில் இரண்டு நாள் மின்சாரம் போனால் இதன் அருமை தெரியும்.

எந்தக் கருவி வாங்குவது?

தமிழ் மின்னூல்களை விலைக்கு வாங்கிப் படிக்க வேண்டும் என்றால் அமேசானின் கிண்டில். அமேசான் 2016 டிசம்பரிலிருந்து தமிழ் மின்னூல்களை விற்கிறது. தமிழில் கணிசமான நூல்கள் அங்கேதான் இருக்கின்றன. கனடாவிலோ ஐரோப்பாவிலோ இருந்துகொண்டு பொது நூலகத்தில் மின்னூல் இரவல் எடுக்கிறவர்கள் கோபோ என்ற கருவியைப் பாருங்கள். அதில் நூலக வசதி உள்ளேயே இருக்கிறது. கிண்டிலில் நூலக இரவல் அமெரிக்க நூலகங்களுக்கு மட்டும்தான். பழைய கருவி யாராவது கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். படிக்க அது போதும்.

தமிழ் எழுத்து உடைந்து தெரிகிறதே? "கொ" என்பது கொம்பு தனி, கால் தனியாக வருகிறது.

இரண்டு காரணங்களில் ஒன்றாக இருக்கும்.

ஒன்று, கருவி மிகப் பழையது. தமிழ் எழுத்தைச் சேர்த்துக் காட்டத் தெரியாத காலத்துக் கருவி. அதற்குக் கோப்பை ஆறு அங்குலத் திரைக்கு ஏற்ற பிடிஎஃப் ஆக்கிப் போட்டுக்கொள்வதுதான் வழி. இன்னொன்று, கோப்பு யூனிகோடில் இல்லை. பாமினி, டிஸ்கி, டாப் என்று ஆளுக்கொரு குறியீட்டில் தட்டச்சு செய்த காலத்துக் கோப்புகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றை எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடுக்குக் கொண்டுவந்துவிட்டு, காலிபர் என்ற இலவச மென்பொருளில் ஈபப் என்ற மின்னூல் வடிவத்துக்கு மாற்றுங்கள். காலிபரை 2006இல் எழுதத் தொடங்கியவர் கோவிட் கோயல் என்ற இந்தியர். அவருக்கு மின்னூல் வாசகர்கள் எல்லோரும் ஒரு காபி கடன்பட்டிருக்கிறோம்.

எழுத்து உடையவில்லை, ஆனால் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால், கிண்டிலைக் கணினியில் செருகி, எழுத்துருக்களுக்கான அடைவில் நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற இலவச எழுத்துருவைப் போடுங்கள். கோபோவிலும் இதே வழி.

அக்டோபரில் என்ன படிப்பது?

நீங்கள் எழுதப்போவது போன்ற ஒரு நாவல். ஒன்றே ஒன்று போதும், இரண்டு முறை படியுங்கள். முதல் முறை வாசகராக, இரண்டாம் முறை திருடனாக.

இங்கேதான் கருவி உண்மையிலேயே கைகொடுக்கிறது. திரையின் அடியில் எத்தனை சதவீதம் படித்திருக்கிறோம் என்று ஓடிக்கொண்டிருக்கும். பலருக்கு அது எரிச்சல், பக்க எண் இல்லையே என்று குறைப்படுவார்கள். எனக்கு அது பொக்கிஷம். முக்கியமான ஒவ்வொரு திருப்பத்திலும் அந்தச் சதவீதத்தை நோட்டில் குறித்துக்கொள்வேன். அண்ணன் வீட்டைவிட்டுப் போனது 12, கடிதம் கிடைத்தது 31, இவளுக்கு உண்மை தெரிவது 52 என்று. முப்பது நாள் நாவலில் ஒரு நாள் என்பது சுமார் 3.3 சதவீதம். ஆகவே 12 என்பது நான்காம் நாள், 31 என்பது பத்தாம் நாள், 52 என்றால் பதினாறாம் நாள். ஒரு நல்ல நாவலின் எலும்புக்கூடு உங்கள் காலண்டரில் வந்து உட்கார்ந்துவிடும். அப்படிச் செய்து பார்த்தபோதுதான், என் முதல் முயற்சியில் 14ஆம் நாள்வரை கதாநாயகி ரயிலிலேயே உட்கார்ந்திருந்தது எவ்வளவு பெரிய குற்றம் என்று புரிந்தது.

தொடர்கதையாக வந்து புத்தகமான நாவலைத் தேர்ந்தெடுத்தால் இன்னும் நல்லது. அடுத்த வாரம்வரை வாசகரைக் காத்திருக்கவைக்க வேண்டிய கட்டாயம் அதை எழுதியவருக்கு இருந்தது. அத்தியாயம் முடிகிற கடைசிப் பத்தியை மட்டும் வரிசையாகக் குறியிட்டுப் படித்துப் பாருங்கள்.

இலவசமாகத் தமிழ் மின்னூல்கள் எங்கே கிடைக்கும்?

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டு உரைநடைவரை இருக்கிறது. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் இன்றைய எழுத்தாளர்கள் தாங்களே பகிர அனுமதித்த நூல்கள் ஈபப், ஆறு அங்குலப் பிடிஎஃப் வடிவங்களில் கிடைக்கும். ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் நூலகம் திட்டம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நாட்டுடைமையான நூல்கள் ஏராளம், ஆனால் பல நூல்கள் பக்கங்களைப் படமெடுத்த பிடிஎஃப். ஆறு அங்குலத் திரையில் அவற்றைப் படிப்பது சாவித்துவாரம் வழியாகத் தேர் பார்ப்பது போல. அவற்றைக் கணினியில் படியுங்கள்.

தட்டச்சு வேகம் இல்லை. குரலில் சொல்லி எழுதலாமா?

செப்டம்பரிலேயே தமிழ்99 பழகுங்கள். நானோரைமோ பிறந்த அதே 1999இல் அரசு ஏற்ற விசைப்பலகை அது. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. "அக்கா" என்று அடிக்க ககர விசையை இருமுறை தட்டினால் போதும், முதல் ககரத்துக்குப் புள்ளி தானாக வந்துவிடும். "பந்து" என்பதில் நகரத்தையும் தகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டினால் அங்கேயும் அப்படித்தான். இரண்டு வாரம் கை தடுமாறும், அப்புறம் ஓடும். நிமிடத்துக்கு 20 சொல் வந்தாலே ஆயிரம் சொல்லுக்கு 50 நிமிடம்தான்.

கூகுளின் குரல்வழித் தட்டச்சு தமிழுக்கு 2017இல் வந்தது. உரையாடல்களுக்கு நன்றாக உதவுகிறது, முற்றுப்புள்ளிகளை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். வட்டார வழக்கில் பேசினால் அது தனக்குத் தெரிந்த தமிழாக மாற்றிவிடும். என் திருநெல்வேலி ஆச்சி ஒருத்தி செய்தி வாசிப்பவர் போலப் பேசத் தொடங்கியதும் நான் நிறுத்திவிட்டேன்.

கதையை முன்பே திட்டமிடலாமா?

திட்டம் போடலாம், நாவலையே முன்கூட்டி எழுதித்தான் வைக்கக்கூடாது. ஆட்களின் பெயர், ஊர், முடிவு. இந்த மூன்றும் தெரிந்தால் நான் தொடங்கிவிடுவேன்.

எழுதும்போதே கிண்டிலில் போட்டு வாசித்துப் பார்க்கலாமா?

நவம்பரில் வேண்டாம். பின்னால் போய்ப் படித்தால் திருத்தத் தோன்றும், திருத்தினால் எண்ணிக்கை குறையும், குறைந்தால் மனசு விட்டுப்போகும். நேற்று எழுதிய கடைசி ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மேலே போங்கள். எழுத்துப்பிழையைச் சுட்டும் சிவப்புக் கோடுகளையும் அணைத்துவிடுங்கள். நல்ல தமிழுக்கும் அது கோடு போடும்.

எழுதியது தொலைந்துவிட்டால்?

எனக்குத் தொலைந்தது. மூன்றாவது முயற்சி, 19ஆம் நாள். மடிக்கணினி உயிர்விட்டது. பழுதுபார்க்கக் கொடுத்த இடத்தில் "எல்லாம் சுத்தமா பண்ணிட்டோம் சார்" என்று சிரித்த முகத்தோடு திருப்பித் தந்தார்கள். 18,400 சொல்லும் சுத்தம். அன்றிலிருந்து தினமும் படுக்கப்போகும் முன் கோப்பை எனக்கே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்கிறேன். ஒரு நிமிடம்கூட ஆகாது.

இப்படி அவசரமாக எழுதியது எதுவும் புத்தகமாக வந்திருக்கிறதா?

வந்திருக்கிறது. சாரா குரூயனின் "வாட்டர் ஃபார் எலிஃபண்ட்ஸ்" 2006இல் வந்தது. எரின் மோர்கன்ஸ்டெர்னின் "தி நைட் சர்க்கஸ்" 2011இல். இரண்டுக்குமே முதல் வரைவு இந்தச் சவாலில் பிறந்ததுதான். ஆனால் மோர்கன்ஸ்டெர்ன் ஒன்றுக்கு மேற்பட்ட நவம்பர்களை அதில் செலவிட்டார், பிறகும் பலமுறை மாற்றி எழுதினார். முப்பது நாளில் கிடைப்பது வரைவு. புத்தகத்துக்கு வருஷங்கள் வேண்டும்.

டிசம்பர் 1 அன்று என்ன செய்வது?

தூங்குங்கள். வரைவைப் பொங்கல்வரை தொடாதீர்கள்.

பிறகு அதை ஈபப் ஆக்கி, கருவிக்கென்று உள்ள மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்புங்கள். எந்த முகவரியிலிருந்து அனுப்புகிறீர்களோ அதை முதலில் அமேசான் கணக்கில் அனுமதிக்க வேண்டும், பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். கணினியில் உங்கள் கோப்பாக இருந்தது, கிண்டிலில் யாரோ எழுதிய புத்தகம் போலத் தெரியும். திருத்த வசதியில்லை என்பதால் வாசிக்கத்தான் முடியும். அலுப்பு தட்டுகிற இடம், ஒரே சொல் மூன்று முறை வருகிற இடம், இறந்தவர் இரண்டு அத்தியாயம் கழித்துக் காபி குடிக்கிற இடம் எல்லாம் கண்ணில் படும். குறியிட்டுக்கொண்டே போங்கள். குறியிட்டவை முழுவதும் கருவியிலேயே ஒரு உரைக் கோப்பாகச் சேர்ந்திருக்கும். கணினியில் செருகி அதை எடுத்து, பக்கத்தில் வைத்துக்கொண்டு திருத்தத் தொடங்கலாம்.

உற்சாகத்துக்காக அட்டைப்படத்தை முன்பே தயார்செய்து வைத்துக்கொள்ளலாமா?

நான் செய்தேன். நாவல் பாதியில் நின்றுபோனது. அட்டை இன்னும் இருக்கிறது. நல்ல அட்டை, பொருத்தமான கதை யாரிடமாவது இருந்தால் தருகிறேன்.